குறைந்த பட்ஜெட்டில் தற்காப்புக் கலைப் படம்: எங்கே செலவைக் குறைப்பது?

முதல்_பிரதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஒரு முழுநீளத் தற்காப்புக் கலைப் படத்தை எடுக்கும் முயற்சியில் இறங்கியிருக்கிறோம். திரைக்கதை 90 பக்கம் வந்திருக்கிறது. அதில் 9 சண்டைக் காட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 3 நிமிடம் ஓடும். இரண்டு சண்டைகளில் துப்பாக்கியும் வருகிறது. நாயகனாக நடிப்பவர் 12 ஆண்டுகள் முறையாகப் பயிற்சி பெற்றவர் என்றாலும், கேமரா முன் நின்ற அனுபவம் அவருக்கு இல்லை. கையில் இருக்கும் பணம் 20 நாள் படப்பிடிப்புக்கு மேல் தாங்காது.

பணத்தை இப்போதைக்கு இப்படிப் பிரித்திருக்கிறோம்: கேமரா, லென்ஸ் வாடகைக்கு 30 சதவீதம், நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் சம்பளத்துக்கு 25, லொகேஷன், பயணம், சாப்பாட்டுக்கு 20, எடிட்டிங், ஒலி, வண்ணத் திருத்தத்துக்கு 12, சண்டைக் குழுவுக்கு 8, எதிர்பாராத செலவுக்கு 5. படம் சிறிய படம்போலத் தெரியக்கூடாது என்பதால் இன்னும் உயர்ந்த கேமரா ஒன்றை எடுக்க விரும்புகிறோம். அதற்கு எந்தத் தலைப்பில் குறைக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தரைப்பாய் எழுதியது:

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நான் சண்டைக் குழுக்களில் உதவியாளராகத் தொடங்கி, இப்போது சிறிய படங்களுக்குத் தனியாகச் சண்டை அமைத்து வருகிறேன். எந்தத் தயாரிப்பாளரிடம் பேசினாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன்.

சண்டைக் காட்சியில் ஒரு ஷாட் திரையில் சராசரியாக இரண்டரை விநாடி நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நிமிடச் சண்டைக்கு 72 ஷாட் தேவை. சிறிய யூனிட், ஒரே கேமரா, ஒத்திகை நன்றாகப் பார்த்த ஆட்கள் என்று எல்லாம் கூடி வந்தால் ஒரு நாளில் 24 ஷாட் எடுக்கலாம். ஆக ஒரு சண்டைக்கு 3 நாள், 9 சண்டைக்கு 27 நாள். உங்களிடம் இருப்பது 20 நாள்தான். வசனக் காட்சிகளை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே எந்த கேமரா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் பட்ஜெட்டை ஷாட் எண்ணிக்கையில் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஷாட், அதில் எத்தனை அடி, எத்தனை விழுதல், எத்தனை முறை லைட்டை மாற்றி அமைக்க வேண்டும் என்று எழுதினால், எந்தச் சண்டை கதைக்கு வேண்டும், எது ஆசைக்காக உள்ளே வந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நான்கு அல்லது ஐந்து சண்டைகளுக்கு மேல் இந்த நாட்களுக்குள் அடங்காது.

அடுத்தது ஒத்திகை. ஒரு கூடத்தில் ஐந்து பேர் ஒரு மாதம் ஒத்திகை பார்ப்பதற்கு ஆகும் செலவு, முப்பது பேர் நிற்கும் தளத்தில் இரண்டு நாள் வீணாவதற்கு ஆகும் செலவை எட்டாது. தளத்தில் நின்றுகொண்டு அடுத்த அடி என்னவென்று யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் லைட்மேனுக்கும், மேக்கப் கலைஞருக்கும், ஜெனரேட்டருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சண்டைக் குழுவுக்கு 8 சதவீதம் என்பது ஒத்திகையையே கணக்கில் எடுக்காத எண். அதை இரட்டிப்பாக்குங்கள்.

வெள்ளித்திரை_வாசகன் எழுதியது:

தரைப்பாய் அவர்களின் கணக்கில் தவறில்லை. ஆனாலும் ஒரு ரசிகனாக எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தற்காப்புக் கலைப் படத்துக்கு வருபவர்கள் சண்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 9 சண்டையை 4 ஆகக் குறைத்தால் மிச்சமிருக்கும் நேரத்தை அனுபவமில்லாத நடிகர்களின் வசனம்தான் நிரப்பும். அது படத்துக்கு நல்லதாக எனக்குத் தோன்றவில்லை.

ஷாட்களைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் சில சண்டைகளை ஒரே நீண்ட ஷாட்டில் எடுத்துவிடலாமே? 2003-ல் வந்த கொரியப் படமான 'ஓல்ட்பாய்'-இல் நடைவழிச் சண்டை முழுவதும் பக்கவாட்டில் நகரும் ஒரே ஷாட்டில் அமைந்தது. இன்றுவரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 72 ஷாட்டுக்குப் பதிலாக ஒரு ஷாட் என்றால் அரை நாளில் முடித்துவிடலாம் அல்லவா?

கத்தரிக்கோல் எழுதியது:

வாசகன் அவர்களே, அந்த ஒரு ஷாட்டை எடுக்க 3 நாள் ஆயிற்று. 17 டேக் போனது, அதாவது அதையே 17 முறை எடுத்தார்கள். நாள் கணக்கில் பார்த்தால் தரைப்பாய் ஒரு சண்டைக்குச் சொன்ன அதே 3 நாள்தான்.

எடிட்டராக நான் சொல்ல விரும்புவது வேறொன்றும் உண்டு. நீண்ட ஷாட்டில் ஒருவர் அரை விநாடி பிந்தி விழுந்தாலும் அதை மறைக்க எனக்கு வழியில்லை. முதல் 50 விநாடி பிரமாதமாக அமைந்து 51-ஆவது விநாடியில் ஒரு குத்து காற்றில் போனால் மொத்தமும் போயிற்று. பின்னர் படம் தொய்வாக இருக்கிறது என்று உணர்ந்தாலும் அந்தச் சண்டையிலிருந்து பத்து விநாடியைக்கூட என்னால் எடுக்க முடியாது. பல மாதம் சேர்ந்து பயிற்சி செய்த குழுவுக்கு அது பொருந்தும். முதல் படம் எடுப்பவர்களின் கையை அது நிச்சயம் கடிக்கும்.

குறைந்த செலவில் சண்டை எடுத்துப் பழகிய ஹாங்காங் படங்களின் முறையை முதல்_பிரதி கவனித்துப் பார்க்க வேண்டும். முழுச் சண்டையையும் ஒரு பொது ஷாட்டில் எடுத்து, மறுபடியும் அதையே நெருக்கத்தில், தோளுக்கு மேலிருந்து என்று நான்கு கோணங்களில் திரும்பத் திரும்ப எடுப்பது அவர்களுடைய வழக்கம் இல்லை. மூன்று, நான்கு அசைவுகளை ஒரு துண்டாக எடுத்துக்கொண்டு, அந்தத் துண்டுக்கு மிகப் பொருத்தமான ஒரே கோணத்தில் கேமராவை வைத்து, அது சரியாக வரும்வரை எடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். இதில் வீணாகும் ஷாட் மிகக் குறைவு. நடிகர்களும் நூறு அசைவுகளைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் எடிட்டிங் எப்படி இருக்கும் என்பது எடுப்பதற்கு முன்பே இயக்குநருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1992-ல் வந்த 'எல் மரியாச்சி' சண்டைக் கலைப் படம் இல்லை, துப்பாக்கிப் படம்; இருந்தாலும் இங்கே அது பொருந்தும். ராபர்ட் ரோட்ரிகஸ் அதைச் சுமார் 7,000 டாலரில், 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்து முடித்தார். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் பெரும்பாலான ஷாட்களை ஒரே டேக்கில் முடித்தார். எந்த இடத்தில் வெட்டப் போகிறோம் என்பதை மனத்தில் முடிவு செய்துகொண்டே எடுத்தார். அந்த 7,000 டாலர் படப்பிடிப்புக்கு ஆன தொகை மட்டும்தான் என்பதையும் மறந்துவிடக்கூடாது. படத்தை வாங்கிய ஸ்டுடியோ திரையரங்குக்கு ஏற்றபடி ஒலியையும் பிரதியையும் சீர் செய்ய அதைவிடப் பல மடங்கு செலவழித்தது. உங்கள் 12 சதவீதத்தைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

முதல்_பிரதி எழுதியது:

மிக்க நன்றி. 27 நாள் கணக்கைப் பார்த்ததும் எங்கள் நால்வருக்கும் இரவு தூக்கம் போய்விட்டது. இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. எங்கள் நாயகர் உண்மையிலேயே திறமைசாலி. அவருக்கும் இத்தனை ஒத்திகை தேவைப்படுமா? கேமராவைப் பற்றி யாருமே நேரடியாகச் சொல்லவில்லையே, அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

தரைப்பாய் எழுதியது:

திறமைசாலிக்குத்தான் ஒத்திகை கூடுதலாகத் தேவைப்படும். இதைச் சொன்னால் பயிற்சி பெற்றவர்கள் பலருக்கு வருத்தம் வரும். ஆனால் வேலையின் தன்மை அப்படி. உண்மையான கலைஞரின் குத்து தோளில் எந்த அறிகுறியும் காட்டாமல் குறுகிய தூரத்தில் வந்து சேரும். அதற்காகத்தான் அவர் 12 ஆண்டுகள் உழைத்திருக்கிறார். கேமராவுக்கு நேர் எதிரானது வேண்டும்: குத்து எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரிய வேண்டும், அதன் பாதை தெரிய வேண்டும், எதிராளி அதை வாங்கும் கணம் தெரிய வேண்டும். போட்டியில் வென்றவர்கள் தளத்தில் முதல் வாரம் தடுமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு முழங்கை வீச்சை எடுத்துக்கொள்வோம். அடிப்பவரின் முழங்கைக்கும் வாங்குபவரின் தாடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். கேமராவை வாங்குபவரின் தோளுக்குப் பின்னால், சற்று நீளமான லென்ஸில் வைத்தால் அந்த ஒரு சாண் மறைந்துவிடும். முழங்கை தாடையைக் கடக்கும் அதே கணத்தில் அவர் தலையைத் திருப்ப வேண்டும். இமைக்கும் நேரம் முந்தினாலும் பொய் தெரிந்துவிடும், பிந்தினால் மிகவும் பொய்யாகத் தெரியும். சட்டையின் தோளில் கொஞ்சம் பவுடர் தட்டி வைத்து, பின்னாலிருந்து ஒரு லைட் கொடுத்தால், அதிர்வில் எழும் தூசி அடியின் கனத்தைக் காட்டிவிடும். ஆக அந்த ஒரு வீச்சுக்கு நான்கு பேர் ஒரே கணத்தில் சரியாக இருக்க வேண்டும்: அடிப்பவர், வாங்குபவர், கேமராமேன், ஃபோகஸ் பிடிப்பவர். வாங்குபவர்தான் அடியை விற்கிறார் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். நல்ல ஃபைட்டர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒத்திகையின் முடிவில் முழுச் சண்டையையும் கைப்பேசியிலேயே ஷாட் ஷாட்டாக எடுத்து, எடிட் செய்து பார்த்துவிடுங்கள். 2011-ல் வந்த இந்தோனேசியப் படமான 'தி ரெய்டு'-க்கு இயக்குநர் கேரத் எவன்ஸும், அதில் நடித்துச் சண்டைகளையும் அமைத்த இக்கோ உவைஸ், யயான் ருஹியான் இருவரும் சேர்ந்து சண்டைகளை இப்படித்தான் முன்கூட்டியே வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தின் பட்ஜெட் சுமார் 11 லட்சம் டாலர். அவர்கள் முதலில் எடுக்க நினைத்தது அதைவிடப் பெரிய வேறொரு படம். அதற்குப் பணம் திரளாததால், ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடக்கும் கதையை எழுதினார்கள். பெரிய படம் பிறகு 2014-ல் இரண்டாம் பாகமாக வந்தது. அகலக்கால் வைக்காமல், கையில் இருக்கும் பணத்துக்குத் தகுந்த கதையை எழுதியதால்தான் அடுத்த படத்துக்கு அவர்களிடம் பணம் வந்தது.

கத்தரிக்கோல் எழுதியது:

கேமரா பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அதற்கு ஒதுக்கிய 30 சதவீதத்தைப் பாதியாகக் குறைத்தால் படத்துக்கு ஒரு குறையும் வராது. சண்டைக்கு கேமரா எடுக்கும்போது, அதன் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, எவ்வளவு வேகமாகப் படித்து முடிக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மெதுவாகப் படிக்கும் சென்சாரில் கேமராவைச் சட்டென்று திருப்பினால் நேரான தூண் சாய்ந்து தெரியும். வேகமான உதையில் கால் வளைந்து தெரியும். பிற்பாடு அதைச் சரிசெய்வது கடினம். அடுத்ததாக, கையில் ஏந்தி ஓடக்கூடிய எடையாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மீதிப் பணத்தை லைட்டுக்குப் போடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விநாடிக்கு 24 ஃப்ரேமில் திரையிடும் படத்தை 22 ஃப்ரேமில் எடுத்தால் அசைவு சற்று வேகமாகத் தெரியும். ஹாங்காங் படங்களில் பரவலாக இருந்த வழக்கம் அது. இரண்டு ஃப்ரேம் குறைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதற்குக் கீழே போனால் நடிகரின் நடையும் சட்டை அசைவும் காட்டிக்கொடுத்துவிடும். அதேபோல ஓர் உதை இரண்டு ஷாட்களில் தொடரும்போது, இரண்டாவது ஷாட்டில் அந்த அசைவை இரண்டு, மூன்று ஃப்ரேம் பின்னாலிருந்து தொடங்குவேன். கணக்குப்படி பார்த்தால் அசைவு இரண்டு முறை நடக்கிறது. கண்ணுக்கோ அப்போதுதான் அது ஒரே அசைவாகத் தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் தொடங்கும்போது முந்தைய துண்டின் கடைசி அசைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் எடிட்டிங் மேசையில் பல நாள் மிச்சமாகும்.

கணக்குப்பேரேடு எழுதியது:

தயாரிப்பு நிர்வாகம் என்னுடைய தொழில். எல்லோரும் கலையைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் எதிர்பாராத செலவுக்கான 5 சதவீதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பொதுவாகவே 10 சதவீதம் ஒதுக்குவது வழக்கம். சண்டைப் படத்தில் அதற்குக் கீழே போவது ஆபத்து. எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய படத்தில் நான் வேலை செய்தேன். மாடிப்படியின் நடுத்தட்டிலிருந்து ஒரு ஃபைட்டர் கீழே விழ வேண்டும். இரண்டு மெத்தைகளை ஒட்டிப் போட்டு, மேலே தளத்தின் நிறத்தில் ஒரு துணியை விரித்திருந்தோம். ஒவ்வொரு முறை அவர் விழுந்தபோதும் மெத்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே வந்தன. துணி மூடியிருந்ததால் யார் கண்ணிலும் அது படவில்லை. வேலை தொடங்கிப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது, ஆறாவது டேக். அவருடைய கால் அந்த இடுக்கில் இறங்கியது. அவர் எழுந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஏழாவது டேக்கும் கொடுத்தார். மறுநாள் காலையில் எடுத்த எக்ஸ்ரேயில் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. அந்த மனிதர் நான்கு மாதம் வேலை செய்ய முடியாமல் வீட்டில் இருந்தார். அவருக்குக் காப்பீடு எடுக்கலாம் என்று முன்கூட்டியே பேசி, செலவைக் குறைப்பதற்காக அதைச் செலவுப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது நான்தான். அவருடைய சிகிச்சைச் செலவைத் தயாரிப்பில் ஏற்றுக்கொண்டோம் என்றாலும், அந்தப் பட்டியலில் நான் பேனாவால் கோடு போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இரண்டு மெத்தைகளையும் ஒரு பட்டையால் சேர்த்துக் கட்டியிருந்தால் போதும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் துணியைத் தூக்கிப் பார்க்க ஒருவரை நிறுத்தியிருந்தால் போதும். பணமாகப் பார்த்தாலும் ஆறு நாள் படப்பிடிப்பு தள்ளிப்போனதில் நாங்கள் இழந்தது, காப்பீட்டுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம்.

பெரிய சண்டைகளில்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். ஜாக்கி சான் தன் வாழ்நாளின் மிக மோசமான காயத்தை அடைந்தது 'ஆர்மர் ஆஃப் காட்' படத்தில், சுவரிலிருந்து மரக்கிளைக்குத் தாவும் ஷாட்டில். அவர் அதுவரை செய்திருந்தவற்றோடு ஒப்பிட்டால் அது சாதாரணத் தாவல். கிளை முறிந்து கீழே விழுந்ததில் மண்டையோடு உடைந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

துப்பாக்கி வரும் இரண்டு காட்சிகளைப் பற்றி: உண்மையான துப்பாக்கி எதுவும் தளத்துக்குள் வரக்கூடாது, வெற்றுத் தோட்டாவோடு கூட வரக்கூடாது. 1993-ல் 'தி க்ரோ' படப்பிடிப்பில் பிராண்டன் லீ இறந்ததும், 2021-ல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்ததும் படப்பிடிப்புத் துப்பாக்கியால்தான். 'தி ரெய்டு'-இல் காற்றழுத்தத்தில் இயங்கும் பொம்மைத் துப்பாக்கிகளையே பயன்படுத்தி, சுடும் வெளிச்சத்தையும் தெறிக்கும் தோட்டா உறைகளையும் கணினியில் சேர்த்தார்கள். செலவும் குறைவு, உயிருக்கும் பயமில்லை. பொம்மையாக இருந்தாலும் அதன் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அந்தக் காட்சியை வெளியிடத்தில் எடுப்பதாக இருந்தால் காவல்துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வெள்ளித்திரை_வாசகன் எழுதியது:

கணக்குப்பேரேடு அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, ஒரே ஷாட்டில் எடுத்துவிடலாம் என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டதை எண்ணி வருந்துகிறேன். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு டேக் என்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒருவர் அத்தனை முறை விழுந்திருக்கிறார் என்பது தோன்றுவதில்லை.

ஆனாலும் என் முதல் கவலை அப்படியே இருக்கிறது. சண்டை குறையும்போது அந்த இடத்தை எது நிரப்பும்?

தரைப்பாய் எழுதியது:

நியாயமான கேள்வி. சண்டையின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் சண்டையின் எதிர்பார்ப்பைக் குறைக்க வேண்டியதில்லை. ஒருவர் கதவைத் தாழிடுகிறார், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைக்கிறார், எதிரில் இருப்பவர் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். அங்கே காட்சியை வெட்டி, அடுத்த காட்சியில் அவர் கை விரல்களில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பதைக் காட்டினால், பார்ப்பவர் அந்தச் சண்டையைத் தன் மனத்துக்குள் நடத்திக்கொள்வார். அதற்கு நான்கு ஷாட் போதும். இப்படி இரண்டு இடத்தில் செய்துவிட்டு, மூன்றாவது முறை கதவு தாழிடப்படும்போது நீங்கள் வெட்டாமல் இருந்தால், அந்தச் சண்டை இரண்டு நிமிடம் ஓடினாலும் போதுமானதாக இருக்கும்.

ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தனித்தன்மை இருக்கட்டும். ஒன்று குறுகலான இடத்தில், ஒன்று ஈரத் தரையில், ஒன்றில் நாயகனின் ஒரு கை பயன்படாது என்பதுபோல. ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தால் நான்காவதிலேயே பார்ப்பவருக்கு அலுத்துவிடும்.

ஒலித்தடம் எழுதியது:

இந்த இழையில் ஒலியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வந்திருக்கிறது என்பதால் எழுதுகிறேன். சண்டை எடுக்கும்போது தளத்தின் ஒலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பயிற்சியாளர் ஷாட் ஓடும்போதே "இடது, குனி, உதை" என்று குரல் கொடுக்கட்டும். பல ஆண்டுக்காலம் ஹாங்காங் படங்கள் மொத்தமாகவே ஒலியில்லாமல் எடுக்கப்பட்டுப் பின்னர் டப்பிங் செய்யப்பட்டவை. ஆனால் வசனக் காட்சிகளுக்கு நேரடி ஒலி கண்டிப்பாக வேண்டும். அனுபவமில்லாத நடிகரை டப்பிங் அறையில் நிறுத்தி உணர்ச்சியை வரவழைப்பது மிகக் கடினம்.

அடியின் ஒலி ஒன்றல்ல, மூன்று நான்கு ஒலிகளின் அடுக்கு. துணி உரசும் ஒலி முதலில், தோலில் படும் ஒலி அடுத்து, உடலின் ஆழத்திலிருந்து வரும் கனமான ஒலி அதற்கடியில், கடைசியாக வாங்கியவரின் மூச்சு. தோல் பையில் ஈரத் துண்டால் அடித்தும், செலரித் தண்டை முறித்தும் இவற்றை ஒரு சிறிய அறையிலேயே உருவாக்கிவிடலாம். மூச்சையும் முனகலையும் மட்டும் நடிகர்களை வரவழைத்து, சண்டையைத் திரையில் ஓடவிட்டு, ஓடவும் குதிக்கவும் வைத்து, இளைக்க இளைக்கப் பதிவு செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்து கொடுக்கும் மூச்சு பொய்யாகத்தான் இருக்கும்.

பணம் சம்பந்தப்பட்ட இன்னொன்று. சண்டைப் படங்கள் மொழி தாண்டி விற்பனையாகக்கூடியவை. ஆனால் வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் வசனம் நீங்கலாக இசையும் மற்ற ஒலிகளும் மட்டும் முழுமையாக உள்ள தனித் தடத்தைக் கேட்பார்கள். அதன் மேல்தான் அவர்கள் தங்கள் மொழியில் டப்பிங் செய்வார்கள். படத்தை முடித்த பிறகு அதைத் தனியாகத் தயாரிக்க உட்கார்ந்தால் செலவு இரட்டிப்பாகும். முதலிலிருந்தே வசனத்தையும் ஃபோலியையும் (படத்தைப் பார்த்து அறையில் உருவாக்கும் ஒலிகள்) தனித்தனியே வைத்துக்கொண்டால் செலவு மிகக் குறைவு. இதோடு நடிகர்கள், இசையமைப்பாளர், இட உரிமையாளர் ஆகியோரிடம் கையெழுத்து வாங்கிய காகிதங்களும் தயாராக இருக்க வேண்டும். அவை இல்லாமல் வாங்குபவர்கள் ஒப்பந்தத்துக்கே வரமாட்டார்கள்.

முதல்_பிரதி எழுதியது:

ஒரு வாரம் உட்கார்ந்து திரைக்கதையைத் திருத்தியிருக்கிறோம். இப்போது 80 பக்கம். 5 சண்டைகள்: இறுதிச் சண்டை 4 நிமிடம், இரண்டு சண்டைகள் 2 நிமிடம் வீதம், மீதி இரண்டும் முக்கால் நிமிடத்துக்குள். தரைப்பாய் அவர்களின் கணக்குப்படி 96 ஷாட்டுக்கு 4 நாள், இரண்டு நிமிடச் சண்டைகளுக்கு இரண்டிரண்டு நாள், சிறியவற்றுக்கு ஒவ்வொரு நாள். ஆகச் சண்டைக்கு 10 நாள். துப்பாக்கி ஒரு காட்சியில் மட்டும் வருகிறது, அதுவும் பொம்மை. கதையின் பெரும்பகுதியை மூடிக்கிடக்கும் ஒரே அச்சகக் கட்டடத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

கேமராவுக்கு 15, சம்பளத்துக்கு 23, லொகேஷன், பயணம், சாப்பாட்டுக்கு 14, எடிட்டிங், ஒலி, வண்ணத்துக்கு 17, சண்டைக் குழுவுக்கு ஒத்திகையும் பாதுகாப்பும் சேர்த்து 17, காப்பீட்டுக்கு 4, எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் என்று மாற்றியிருக்கிறோம். இதில் ஏதாவது இடறுகிறதா?

கணக்குப்பேரேடு எழுதியது:

ஒன்று இடறுகிறது. ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்ற கணக்கில், சண்டை நிமிடங்கள் போக ஏறத்தாழ 70 பக்கம் மிச்சம். அதற்கு 10 நாள். நாளுக்கு 7 பக்கம் என்பது முடியாததில்லை, ஆனால் ஒரு நாள்கூடத் தவறவிட இடமில்லை. அச்சகத்துக்கு வெளியே நடக்கும் காட்சிகளை எண்ணிப் பாருங்கள். யூனிட் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு மணி நேரம் போய்விடும். வெளியே நடக்கும் எந்தக் காட்சியை அச்சகத்தின் முற்றத்துக்கோ மாடிக்கோ கொண்டுவர முடிந்தாலும் கொண்டுவாருங்கள்.

இறுதிச் சண்டையை எந்த நாளில் வைத்திருக்கிறீர்கள்?

முதல்_பிரதி எழுதியது:

கடைசி 4 நாட்களில். கதையிலும் கடைசி என்பதாலும், அதற்குள் எல்லோரும் பழகியிருப்பார்கள் என்பதாலும் அப்படி வைத்தோம்.

தரைப்பாய் எழுதியது:

அதை மாற்றிவிடுங்கள். கடைசி 4 நாட்களில் உடம்பும் ஓய்ந்திருக்கும், பணமும் தீர்ந்திருக்கும். எப்படியாவது முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் மெத்தையைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. முதல் வாரத்திலும் வேண்டாம். குழு இன்னும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருக்காது, நாயகருக்கு ஏதாவது ஆகிவிட்டால் படமே நின்றுபோகும். சிறிய சண்டைகளை முதலில் முடித்துக்கொண்டு, 10-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் இறுதிச் சண்டையை வையுங்கள். நடுவில் ஒரு நாள் நாயகர் இல்லாத வசனக் காட்சிகளை எடுத்து அவருக்கு ஓய்வு கொடுங்கள். அதன் பிறகு வரும் நாட்களில் அவர் அமர்ந்து பேசும் காட்சிகள் இருக்கட்டும். தசைப்பிடிப்பு, வீக்கம் எல்லாம் அதற்குள் ஆறிவிடும்.

கைப்பேசியில் ஒத்திகை எடுத்து முடித்ததும் இறுதிச் சண்டையை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எடிட் செய்ததை மட்டும் அனுப்பாமல், மெத்தைகளை எங்கெங்கே போட்டிருக்கிறீர்கள் என்று தெரியும்படி கூடத்தின் ஒரு மூலையிலிருந்து முழுச் சண்டையையும் வெட்டாமல் எடுத்த இன்னொரு வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். நான் முதலில் பார்க்கப்போவது அந்த இரண்டாவது வீடியோவைத்தான்.